மாதம் இரண்டு நாள் ராணுவம்: அமெரிக்க ரிசர்வில் சரக்குப் போக்குவரத்து வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு

"மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. வருஷத்தில் இரண்டு வாரம். மற்ற நாளெல்லாம் உங்கள் வழக்கமான வேலைக்குப் போகலாம்." அமெரிக்க ராணுவ ரிசர்வில் சேர விசாரிக்கும் எல்லாரிடமும் ரெக்ரூட்டர் முதலில் சொல்வது இதுதான். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது சம்பளம் கிடைக்கும் நாள்களின் கணக்கு. வேலையின் கணக்கு வேறு. நான் ஆறு வருடம் ரிசர்வில் போக்குவரத்துப் பிரிவில் இருந்தேன். சேரும்போது யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று பின்னால் நினைத்த விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

எந்த வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. போக்குவரத்து வேலைகள் 88-இல் தொடங்கும். 88எம் என்றால் லாரி ஓட்டுநர். 88எச் என்றால் சரக்கு ஏற்றி இறக்குபவர். 88என் என்றால் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்: எந்தப் பொருள், எந்த வண்டியில், எந்த வழியாக, என்றைக்குப் போகிறது என்று திட்டமிட்டு, அதற்கான காகிதங்களைத் தயார் செய்து, போய்ச் சேரும் வரை கண்காணிப்பவர். நான் பார்த்தது 88என். கணினி, கணக்கு, பட்டியல் என்று பழகிய நம்மவர்களுக்கு இது பொருந்தும் என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் முழுக்க மேசை வேலை என்று நம்பி வராதீர்கள். பாதி நேரம் வெயிலில், டேப்பும் சாக்பீஸும் கையுமாக நிற்பீர்கள்.

ரிசர்வ் வேறு, நேஷனல் கார்டு வேறு. நேஷனல் கார்டு சாதாரண நாள்களில் மாநில ஆளுநரின் கீழ் இருக்கிறது. புயல், வெள்ளம் வந்தால் அவர் கூப்பிடுவார். ரிசர்வ் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. போக்குவரத்து, மருத்துவம், பராமரிப்பு போன்ற துணைப் படைகளில் பெரும்பங்கு ரிசர்வில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பெரிய நடவடிக்கை எது வந்தாலும் இவர்கள் இல்லாமல் வண்டி நகராது.

சேர முடியுமா, சேர்ந்தால் என்ன இழப்பீர்கள்

எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. முன்பு மாவ்னி என்றொரு திட்டம் இருந்தது. தேவையான மொழிகள் தெரிந்தவர்களைக் கிரீன் கார்டு இல்லாமலே எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-க்குப் பிறகு அதில் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. ஊரில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு, நம்ப வேண்டாம். இப்போது குடியுரிமையோ கிரீன் கார்டோ கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. இளங்கலைப் பட்டம் இருந்தால் ஈ-4 என்ற நிலையில் சேர முடியும். இந்தியப் பட்டமென்றால் அதை இங்கே மதிப்பீடு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ராணுவ சேவை வழியாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கட்டணம் கிடையாது. நீங்கள் சேவையில் இருப்பதாக உங்கள் படைப்பிரிவு என்-426 என்ற படிவத்தில் சான்றளிக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதை, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள். அமெரிக்கக் குடியுரிமை எடுத்ததும் இந்தியக் குடியுரிமை போய்விடும், அப்புறம் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓ.சி.ஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் நம் எல்லாருடைய எண்ணமும். ஆனால் வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓ.சி.ஐ கிடையாது என்று இந்திய அரசின் விதி சொல்கிறது. அம்மா அப்பாவைப் பார்க்க விசா எடுத்துத்தான் போக வேண்டியிருக்கும். ஊரில் நிலம், வீடு இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். இதை ரெக்ரூட்டர் சொல்ல மாட்டார். அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் தூதரக இணையதளத்தில் விதியை நீங்களே வாசித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

தேர்வும் ஒப்பந்தமும்

ஆஸ்வாப் என்ற நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. ராணுவத்தில் சேர மொத்த மதிப்பெண் குறைந்தது 31 வேண்டும். 88என் வேலைக்கு அதற்கு மேல் எழுத்தர் பிரிவில் 95 வேண்டும்; 88எம்முக்கு ஓட்டுநர் பிரிவில் 85 போதும். எழுத்தர் பிரிவு என்பது ஆங்கிலமும் கணக்கும்தான். கால்குலேட்டர் தரமாட்டார்கள் என்பதால் பின்னம், சதவீதம், வேகம், தூரம் இவற்றைக் கையால் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள். அடுத்து மெப்ஸ் என்ற மையத்தில் ஒரு முழுநாள் மருத்துவச் சோதனை. விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள்; வாத்து நடை நடக்கச் சொல்வார்கள்; பெரும்பாலும் காத்திருப்புதான்.

அன்றைக்கே ஒப்பந்தத்தையும் நீட்டுவார்கள். களைத்துப்போய் இருப்பீர்கள், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். மொத்தக் கடமை 8 வருடம். பரவலான ஏற்பாடு, 6 வருடம் மாதாமாதம் போவது, மீதி 2 வருடம் பெயர் மட்டும் பட்டியலில் இருப்பது. அந்த 2 வருடத்திலும் அவர்கள் கூப்பிடலாம். வேலை எண், போனஸ், படிப்பு உதவி எதுவானாலும் ஒப்பந்தத்தின் இணைப்புப் பக்கங்களில் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்ன எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. 88என் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா, உங்கள் வீட்டிலிருந்து படைப்பிரிவு எத்தனை மைல், இரண்டையும் கண்ணால் பாருங்கள். வரைபடத்தில் நேர்கோட்டில் 50 மைல் என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பயிற்சிக் காலம்

இங்கே 'பகுதி நேரம்' என்ற பேச்சே இல்லை. முதலில் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி. ஃபோர்ட் ஜாக்சன், ஃபோர்ட் சில், ஃபோர்ட் லெனர்ட் வுட் போன்ற இடங்களில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். அது முடிந்ததும் வேலைப் பயிற்சி ஏறக்குறைய 7 வாரம். 88என்னுக்கு வர்ஜீனியாவில் ஃபோர்ட் லீ. 2023-இல் இதன் பெயரை ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் என்று மாற்றினார்கள், 2025-இல் திரும்ப லீ ஆக்கிவிட்டார்கள். காகிதங்களில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம். லாரி ஓட்டுநர்களுக்கு மிசௌரியில் ஃபோர்ட் லெனர்ட் வுட். ஆக, நான்கைந்து மாதம் வீட்டையும் வேலையையும் விட்டுப் போகத் தயாராக இருங்கள். கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஒரு கோடையில் அடிப்படைப் பயிற்சி, அடுத்த கோடையில் வேலைப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளும் வழியும் உண்டு.

சைவம் சாப்பிடுபவர்கள் கேட்பார்கள் என்று தெரியும். களத்தில் தரும் பொட்டல உணவில் 24 வகை இருந்தால் அதில் சைவம் நான்கு. எண்ணிக்கை குறைவானாலும் கேட்டால் கொடுக்கிறார்கள். அடிப்படைப் பயிற்சியில் சாப்பிடக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ரொட்டி, முட்டை, பீன்ஸ் என்று எது வருகிறதோ அதை வேகமாகச் சாப்பிடப் பழகுங்கள்.

ஓட்டத்தை வீட்டிலேயே தொடங்கிவிடுங்கள். 2025 ஜூன் முதல் உடற்தகுதித் தேர்வில் ஐந்து பகுதிகள்: எடை தூக்குவது, கையைத் தரையிலிருந்து எடுத்து எடுக்கும் தண்டால், ஓடி இழுத்துச் சுமப்பது, முழங்கையை ஊன்றி உடம்பை நேராக வைத்திருக்கும் பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம். ஆண்டு தவறாமல் இது வரும். நம்மவர்கள் பலர் ஓடிவிடுகிறோம், எடை தூக்குவதில்தான் திணறுகிறோம்.

டிரில் சனி, ஞாயிறு எப்படிப் போகும்

ரிசர்வில் இதற்குப் பெயர் பேட்டில் அசெம்ப்ளி. பேச்சில் எல்லாரும் டிரில் என்பார்கள். ஆண்டுக்கான தேதிகளை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். கிடைத்த அன்றே ஆபீஸ் காலண்டரிலும் சமையலறை காலண்டரிலும் குறித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்குத் தெரியாது.

காலையில் வரிசையில் நின்று ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள். பிறகு வண்டிகளைச் சுற்றிவந்து எண்ணெய், குளிரூட்டி, டயர், விளக்கு எல்லாம் சரிபார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். இடையில் இணையவழிக் கட்டாயப் பயிற்சிகள், தடுப்பூசி, துப்பாக்கி சுடும் தகுதி, கூட்டங்கள். உண்மையைச் சொன்னால் முதல் சில மாதம், "போக்குவரத்து வேலை எங்கே?" என்று தோன்றும். அப்போது சும்மா உட்கார்ந்து போனைப் பார்க்காமல், அந்தப் பிரிவில் யார் படை நகர்வைக் கவனிக்கிறாரோ அவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். கம்பெனி என்று சொல்லும் ஒவ்வொரு படைப்பிரிவிலும் அப்படி ஓர் அதிகாரியும் அவருக்கு உதவியாக ஒரு சார்ஜென்ட்டும் இருப்பார்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை.

அளந்து பார்ப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கம்பெனி நகர வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு வண்டியும், ஒவ்வொரு பெட்டியும் பட்டியலில் ஏற வேண்டும்: நீளம், அகலம், உயரம், எடை. அந்த எண்களை வைத்துத்தான் ரயில் பெட்டியில் எத்தனை வண்டி, கப்பலில் எந்தத் தளம், விமானத்தில் எந்த இடம் என்று தொலைவில் முகம் தெரியாத ஒருவர் முடிவு செய்கிறார். அவர் உங்கள் வண்டியைப் பார்த்ததே இல்லை. உங்கள் எண்ணை மட்டும் நம்புகிறார்.

என் முதல் வருடத்தில் ஹம்வி என்ற ராணுவ ஜீப் வகை வண்டிகளின் பட்டியலைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நான் கையேட்டைத் திறந்து, அதிலிருந்த எடையை எல்லா வண்டிக்கும் போட்டு, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். சார்ஜென்ட் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மைதானத்துக்குக் கூட்டிப் போனார். முதல் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே கருவிப் பெட்டி, சங்கிலிகள், இரண்டு தண்ணீர் கேன், கூடாரத் துணி, கூடுதல் டயர். "இதெல்லாம் உன் கையேட்டில் இருக்கா?" என்று கேட்டார். எடை பார்த்தோம். எழுதியதைவிடக் கிட்டத்தட்ட 900 பவுண்டு அதிகம். அன்று மாலை வரை ஒவ்வொரு வண்டியாக மேடைத் தராசில் ஏற்றினேன்.

எடையோடு சமநிலைப் புள்ளியையும் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு நம் எட்டாம் வகுப்புக் கணக்குதான். முன் பம்பரிலிருந்து முன் அச்சு 30 அங்குலத்தில், பின் அச்சு 160 அங்குலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சில் 3,000 பவுண்டு, பின் அச்சில் 4,500 பவுண்டு. 3,000-ஐ 30-ஆல் பெருக்கினால் 90,000. 4,500-ஐ 160-ஆல் பெருக்கினால் 7,20,000. இரண்டையும் கூட்டி, மொத்த எடை 7,500-ஆல் வகுத்தால் 108. முன் பம்பரிலிருந்து 108 அங்குலம் அளந்து, வண்டியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மொத்த எடையோடு குறிக்க வேண்டும். அந்த டேப்பைப் பார்த்துத்தான் விமானத்தில் ஏற்றுபவர் வண்டியை நிறுத்துகிறார், கிரேன்காரர் தூக்குகிறார். குறித்த பிறகு யாராவது பின்னால் இரண்டு பெட்டி கூடுதலாகப் போட்டால் அந்தக் குறி பொய்யாகிவிடும். அதனால் குறித்த வண்டியில் யாரையும் எதையும் வைக்க விடாதீர்கள், கேப்டனாக இருந்தாலும் சரி. பணிவாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

கன்டெய்னர்களில் கவனிக்க வேண்டியது கதவில் இருக்கும், சோதனைத் தேதி சொல்லும் தகடும் ஸ்டிக்கரும். பெட்டி புதிதாகி ஐந்து வருடத்துக்குள் முதல் சோதனை, அப்புறம் 30 மாதத்துக்கு ஒரு தடவை. தேதி கடந்துவிட்டால் துறைமுகத்தில் ஏற்ற மாட்டார்கள். எல்லாவற்றையும் இறக்கி வேறு பெட்டியில் அடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலில் ஒரு பிரதி உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று உங்கள் கோப்பில். பெயின்ட், பேட்டரி, எரிபொருள், பிளீச்சிங் திரவம் எல்லாம் அபாயப் பொருள் கணக்கில் வரும். அதற்கான அறிவிப்புப் படிவத்தில் தகுதிச் சான்று உள்ளவர் மட்டுமே கையெழுத்திடலாம். அந்தச் சான்றுக்கு இரண்டு வாரப் படிப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் முதலில் கேட்டு வாங்க வேண்டிய படிப்பு இதுதான். வெளியில் சரக்கு நிறுவனங்களிலும் இதற்கு மதிப்பு உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்று. வண்டியோ ரயில் பெட்டியோ ஏறும் முன் மோதிரம், செயின், வளையல் எல்லாம் கழற்றிவிடுங்கள். குதித்து இறங்கும்போது மோதிரம் கொக்கியில் மாட்டினால் விரல் போய்விடும். கல்யாண மோதிரத்தையும் தாலியையும் கழற்ற மனம் வராது, எனக்குப் புரிகிறது. டிரில் நாளில் அவை வீட்டிலேயே இருக்கட்டும். நகரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்காதீர்கள்.

இரண்டு வாரப் பயிற்சி

இரண்டு வாரம் என்பது சில வருடம் மூன்றாகும். விஸ்கான்சினில் ஃபோர்ட் மெக்காய், கலிஃபோர்னியாவில் ஃபோர்ட் ஹன்டர் லிகெட் போன்ற இடங்களில் பெரிய பயிற்சிகள் நடக்கும். லாரிப் பிரிவுகளுக்கு 'நேஷன்வைடு மூவ்' என்ற பயிற்சி உண்டு. மாநிலம் மாநிலமாக நிஜச் சரக்கையே ஏற்றிப் போவார்கள். டெக்சாஸின் போமான்ட் போன்ற துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏற்றுவதைப் பார்க்கும் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஒட்டிய பார்கோடு லேபிளை ஒருவர் ஸ்கேன் செய்து, வண்டி சரிவுப் பாதையில் ஏறிக் கப்பலுக்குள் போவதைப் பார்த்தால், அத்தனை மாதப் பட்டியல் வேலைக்கும் அர்த்தம் புரியும்.

சம்பளம்

டிரில் நாள் ஒன்றை நான்கு மணி நேரத் துண்டுகளாக இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டுக்கு, மாத அடிப்படைச் சம்பளத்தில் 30-இல் ஒரு பங்கு. எளிதாகக் கணக்கிட மாதம் 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், சனி, ஞாயிறுக்கு நான்கு துண்டு, 400 டாலர், வரிக்கு முன். பெட்ரோல் செலவு பெரும்பாலும் உங்களுடையது. வார நாள்களில் வரும் போன், மின்னஞ்சல், இணையவழிப் பயிற்சி பலவற்றுக்குக் காசு வராது. சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் திறந்து பாருங்கள். எனக்கு ஒரு முறை டிரில் சம்பளம் மூன்று மாதம் வரவில்லை. வருகைப் பதிவில் என் பெயர் விட்டுப்போயிருந்தது. கையெழுத்திட்ட வருகைத் தாளைப் படமெடுத்து வைத்திருந்ததால் கிடைத்தது.

பணத்தைவிடப் பெரியது மற்றவை என்பது என் கருத்து. குறைந்த கட்டணத்தில் டிரைகேர் மருத்துவக் காப்பீடு (சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்), 5,00,000 டாலர் வரை ஆயுள் காப்பீடு, 6 வருட ஒப்பந்தத்துக்குப் படிப்பு உதவி. பணிக்காகத் தரும் புள்ளிகளை ஆண்டுக்கு 50 வீதம் 20 வருடம் சேர்த்தால், பொதுவாக 60 வயதில் ஓய்வூதியம்.

ஆபீஸும் வீடும்

1994-இல் வந்த யூசெரா சட்டம் உங்கள் வேலையைக் காக்கிறது. ராணுவக் கடமைக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. விடுமுறை நாள்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. பதிலுக்கு நீங்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், முடிந்ததும் குறித்த காலத்துக்குள் திரும்ப வேண்டும். 31 முதல் 180 நாள் வரை போனால் 14 நாளுக்குள், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் இருக்கிறது என்று மேலாளரிடம் முதல் நாளே சட்டம் பேசாதீர்கள். ஆண்டுத் தேதிகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மின்னஞ்சல் பதிவாக இருக்கும்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கடினம். "லாரி ஆபீஸ் கணக்கு வேலைதானே கண்ணு? சண்டைக்கு எல்லாம் போக மாட்டேதானே?" என்று அம்மா போனில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதியின் தஹ்ரானில் ஒரு தங்குமிடத்தின் மேல் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. அங்கே இருந்தவர்களில் பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கைச் சேர்ந்த 14-ஆம் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவினரும் உண்டு. தண்ணீர் சுத்திகரிக்கும் ரிசர்வ் படையினர், வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சிறு பிரிவில் மட்டும் 13 பேர் இறந்தார்கள். 2004 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விமான நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோன கான்வாய் (வண்டி வரிசை) தாக்கப்பட்டது. அதில் போனது இல்லினாயிஸைச் சேர்ந்த 724-ஆம் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி, அதுவும் ரிசர்வ்தான். சிப்பாய்களும் சிவிலியன் லாரி ஓட்டுநர்களும் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலானோர் ஆறு வருடத்தைப் பட்டியலும் டேப்புமாகவே முடித்துவிடுகிறார்கள். ஆனால் சரக்கு வேலை என்பது பின்னால் பத்திரமாக இருக்கும் வேலை என்று நீங்களும் நம்பக் கூடாது, வீட்டையும் நம்ப வைக்கக் கூடாது.

அழைப்பு வந்தால்

சில மாதம் முன்பே தெரிந்துவிடும் தடவைகளும் உண்டு, சில வாரத்தில் கிளம்ப வேண்டிய தடவைகளும் உண்டு. பயிற்சி, பயணம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்தை ஒட்டி வெளியே இருக்க நேரிடலாம். அதற்காகச் சேர்ந்த முதல் வருடத்திலேயே சிலவற்றைச் செய்துவிடுங்கள். ராணுவ வழக்கறிஞர் அலுவலகத்தில் உயிலும் பவர் ஆஃப் அட்டர்னியும் இலவசமாக எழுதித் தருவார்கள். டிரில் சனிக்கிழமையிலேயே வந்து உட்காருவதும் உண்டு. காப்பீட்டில் வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். திருமணத்துக்கு முன் சேர்ந்து, பிறகு மாற்ற மறந்தவர்கள் நிறைய. வாடகை, கார் கடன், கரன்ட் பில் எல்லாவற்றின் கடவுச்சொல்லும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் படைப்பிரிவின் குடும்ப உதவி எண்ணைக் கொடுத்து, இந்திய நேரத்தில் எப்போது கூப்பிட்டால் ஆள் எடுப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். என் அம்மா அந்தத் தாளை இன்னமும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.